கிக் பொக்சிங் பழகலாமா? களுவாஞ்சிக்குடி ரீச்சருக்கு ஒரு பதில்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிப் போடுகிறேன். வயது 31. களுவாஞ்சிக்குடியில் வீடு, ரீச்சர் வேலை. இரண்டு வருடத்தில் பத்துக் கிலோ ஏறிவிட்டது. பிரஷர் எல்லையில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். படியிறங்கும்போது வலது முழங்கால் நோகிறது. கூடப் படிப்பிக்கும் ஒருவர் கிக் பொக்சிங் வகுப்புக்கு வா என்று கூப்பிடுகிறார். அம்மா "பொம்பிளப் பிள்ளைக்கு இதென்ன அடிபிடி" என்கிறார். சேரலாமா?

சேரலாம். ஆனால் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் முழங்காலோ பிரஷரோ அம்மாவோ இல்லை. அவை மூன்றுக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். யோசிக்க வேண்டியது ஸ்பாரிங். அதாவது சோடி போட்டு ஒருவரை ஒருவர் அடித்துப் பழகுவது. எந்த வகுப்பில், யாரோடு, எத்தனையாம் மாதத்தில், எவ்வளவு பலமாக என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். கிடைக்காவிட்டால் அந்த மாஸ்டர் எத்தனை மெடல் வைத்திருந்தாலும் வேண்டாம்.

நான் யார் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் கராத்தே. பிறகு பத்து வருடம் ஒன்றுமில்லை, வயிறு வந்தது. 29 வயதில் கிக் பொக்சிங்கில் இறங்கினேன். அதனால் "31 வயதில் தொடங்கலாமா" என்ற உங்கள் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான். இப்போது நான் வகுப்பு நடத்துவதில்லை, ஆள் பிடிக்கவும் இதை எழுதவில்லை. என் தங்கச்சியின் மகள் பழகுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் இருந்து பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கிக் பொக்சிங் என்ற ஒரே பெயருக்குள் பல விளையாட்டுகள் கிடக்கின்றன. 1960களில் ஜப்பானில், கராத்தேயும் தாய்லாந்தின் முவே தாய் என்ற சண்டைக்கலையும் முட்டிக்கொண்ட இடத்தில் பிறந்தது இது. பெயரை வைத்தவர் ஒசாமு நொகுச்சி என்ற பொக்சிங் போட்டி ஏற்பாட்டாளர். 1970களில் அமெரிக்காவில் கராத்தேக்காரர்களே, அடியைப் படாமல் நிறுத்தும் போட்டி அலுத்துப்போய் கிளவ்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இப்படி இரண்டு ஊற்று இருப்பதால் விதிகளும் பல. 1976இல் தொடங்கிய வாக்கோ என்ற உலக அமைப்பு எல்லாவற்றையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த அமைப்புக்கு 2021இல் ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் ஒலிம்பிக் போட்டியில் இந்த விளையாட்டு இன்னும் இல்லை. யாராவது "ஒலிம்பிக் விளையாட்டு" என்று சொல்லிக் காசு கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகைகளில் பொயின்ற் ஃபைட்டிங் என்றால் ஒரு அடி பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுப்பார். லைட் கொன்டக்ட் நிறுத்தாமல் ஓடும், ஆனால் அடியைக் கட்டுப்படுத்த வேண்டும். இவை மெத்தையில் நடப்பவை. ரிங்குக்குள் நடப்பது வேறு கதை. ஃபுல் கொன்டக்டில் முழுப் பலத்தோடு அடிக்கலாம், இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. லோ கிக் விதியில் தொடைக்கும் உதைக்கலாம். கே-1 விதியில் முழங்காலாலும் அடிக்கலாம். முழங்கையால் அடிப்பது, கழுத்தைக் கட்டிப் பிடித்து வைத்து அடிப்பது எல்லாம் முவே தாய். இவை தவிர, பாட்டைப் போட்டுக் காற்றில் குத்தி உதைக்கும் உடற்பயிற்சி வகுப்பும் கிக் பொக்சிங் என்ற பெயரில்தான் நடக்கிறது. அதில் எதிரே ஆளே இல்லை.

எங்கள் பக்கத்தில் கிக் பொக்சிங் சொல்லிக்கொடுப்பவர்களில் நிறையப் பேர் கராத்தேயில் இருந்து வந்தவர்கள். அது குறையில்லை. ஆனால் "எந்த விதிப்படி பழக்குகிறீர்கள்" என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம்தான்" என்று பதில் வந்தால், எதுவும் ஒழுங்காக இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்பாரிங்குக்கு வருவோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இடத்தையும் ஆளையும் சொல்லப்போவதில்லை. நான் சேர்ந்து மூன்று மாதம். தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். "பயம் தெளியட்டும்" என்று மாஸ்டர் என்னை விடப் பதினைந்து கிலோ கூடிய ஒருவரோடு என்னை விட்டார். இரண்டாம் ரவுண்டில் இடது தாடையில் ஒன்று விழுந்தது. நான் விழவில்லை. அங்கேதான் பிழை நடந்தது, விழுந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நின்றபடியால் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டு மூன்றாம் ரவுண்டையும் முடித்தேன். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டு கேற்றடியில் வந்து நிற்கிறேன், மட்டக்களப்பு வாவிக்கு மேலே உள்ள கல்லடிப் பாலத்தைக் கடந்த ஞாபகம் இல்லை. புதிய பாலம் 2013இல்தான் திறந்தது. இது அதற்கு முந்தின காலம். அந்தப் பழைய ஒடுக்கமான இரும்புப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை காத்து நிற்க வேண்டும். அப்படிக் காத்து நின்றதும் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை தலையிடி. வாவியில் வெயில் பட்டு மினுங்குவதைக் கண் கொண்டு பார்க்க ஏலாது.

அது மூளை அதிர்ச்சி. மண்டையோட்டுக்குள் மூளை ஆடிப்போவதால் வருவது. ரத்தம் வராது, வீங்காது, கூட நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைப்பது தவறு; பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. முதல் அதிர்ச்சி ஆறும் முன்னே இன்னொரு அடி பட்டால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி ஆளே போகலாம். ஹெல்மெட் மாதிரி ஒரு தலைக்கவசம் போடுகிறார்களே என்பீர்கள். அது புருவம் கிழியாமலும் காது நசியாமலும் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை நிறுத்தாது. ஆண்களின் அமெச்சூர் பொக்சிங்கில் 2013இல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் அடிபட்டார்கள். எடுத்தது சரியா பிழையா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அது இருக்கட்டும். தலைக்கவசம் போட்டபடியால் தலைக்கு அடிக்கலாம் என்று சொல்லும் மாஸ்டரை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே என் கணக்கு இது. முதல் மூன்று மாதம் ஸ்பாரிங்கே வேண்டாம். தொங்கவிட்ட பேக்கில் குத்துங்கள், ஒருவர் பிடிக்கும் பேடில் குத்துங்கள், உதைக்கப் பழகுங்கள். அதற்குப் பிறகு விருப்பம் என்றால் தோளையும் வயிற்றையும் மெதுவாகத் தொட்டு விளையாடும் அளவுக்குப் போகலாம். தலைக்கு அடி என்பது உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் கேட்டது எடை இறங்க, பிரஷர் ஏறாமல் இருக்க, மனதில் கொஞ்சம் தைரியம் வர. இந்த மூன்றுக்கும் ஒரு குத்துக்கூடத் தலையில் வாங்க வேண்டியதில்லை. "தலைக்கு நான் மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் சரி என்பார். மற்றவர் சிரிப்பார். சிரித்தால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

வகுப்பைப் பார்க்க ஒரு நாள் போதாது, இரண்டு பின்னேரம் போங்கள். தொடக்கத்தில் எல்லாரும் ஒழுங்காகத்தான் ஓடுவார்கள், துள்ளுவார்கள். கடைசி இருபது நிமிடத்தைப் பாருங்கள், உண்மை அப்போதுதான் தெரியும். புதிதாக வந்த ஆளுக்கு யாரைச் சோடி போடுகிறார்? அனுபவமுள்ள, நிதானமான ஒருவரையா, இல்லை தன் திறமையைக் காட்டத் துடிக்கும் இன்னொரு புதியவரையா? இரண்டு புதியவர்களைச் சேர்த்து விடுவதுதான் மிகவும் ஆபத்து, அடியைக் குறைக்க இருவருக்கும் தெரியாது. யாருக்காவது பலமாகப் பட்டால் மாஸ்டர் கிட்டப் போய் முகத்தைப் பார்க்கிறாரா, தூரத்தில் நின்று "ஒன்றுமில்லை, அடி!" என்று கத்துகிறாரா? சேர முன்பு நோய் நொடி பற்றி விசாரிக்கிறாரா? வேறு பெண்கள் வருகிறார்களா, உடுப்பு மாற்றப் பூட்டுள்ள அறை இருக்கிறதா? மறுகா, ஒரு கேள்வியை நேராகவே கேளுங்கள்: "கடைசியாக எப்போது ஒருவரைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினீர்கள்?" அதற்கு ஒரு கதை சொல்லத் தெரிந்தவரிடம் பிள்ளையை விடலாம்.

முழங்கால். படியிறங்கும்போது நோவது பெரும்பாலும் முழங்கால் சிரட்டைப் பக்கத்து நோ, தொடைத் தசை பலப்பட்டால் குறைவதுண்டு. ஆனால் முழங்கால் வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், திடீரென்று மடிந்து விட்டால் அது வேறு விஷயம். வகுப்புக்கு முன்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் காட்டுங்கள். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள்: சுவருக்குப் பக்கத்தில் வலது காலில் மட்டும் அரை நிமிடம் நின்று, பிறகு மெதுவாகக் கொஞ்சம் மடக்கி நிமிருங்கள். கூரான நோ வந்தால் உதைக்கும் கதையைப் பிறகு பார்க்கலாம், கையை மட்டும் பழகலாம்.

நோவு இல்லாதவர்களுக்கும் முழங்காலைக் கெடுப்பது ஒரு விஷயம்தான். வட்ட உதை என்று ஒன்று இருக்கிறது, இந்த விளையாட்டின் உயிரே அதுதான். வலது காலைச் சுழற்றி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் பேக்கில் அடிப்பது. பார்க்கிறவர்கள் அடிக்கும் காலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் நிற்கும் காலைப் பாருங்கள். வலது கால் சுழலும்போது இடது பாதம் முன்பாதத்தில் எழும்பி, குதிக்கால் பேக்கின் பக்கம் திரும்ப வேண்டும். குதிக்கால் திரும்பாமல் பாதம் நிலத்தில் ஒட்டி நின்றால், மேலே இடுப்பு திரும்புகிறது, கீழே பாதம் திரும்பவில்லை, நடுவில் முறுகுவது முழங்கால். வெறுங்காலில் வியர்வையோடு இறப்பர் மெத்தையில் நின்றால் பாதம் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் ஒரு மாதம் பேக்கைத் தொடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை மட்டும் திருப்பிப் பழக்கும் மாஸ்டர் கிடைத்தால் அலுப்படிக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு முன் உதை நல்ல தொடக்கம். நேராகத் தூக்கித் தள்ளுவது, முறுகல் இல்லை. உயரம் வேண்டாம், இடுப்பளவு போதும்.

பிரஷரைப் பொறுத்தவரை, வேறு வேறு நாட்களில் காலையில் இருந்தபடி அளந்து எழுதுங்கள். திரும்பத் திரும்ப 140/90க்கு மேல் காட்டினால் டொக்டரிடம் கதைத்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். கீழே நின்றால் பயமில்லை, ஆனால் மெதுவாக ஏறுங்கள். குத்தும்போது ஆட்கள் "ஸ்ஸ்" என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள், ஸ்டைலுக்கு என்று நினைக்க வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு பலம் போட்டால் பிரஷர் சட்டென்று ஏறும். அந்த மூச்சை விடுவதற்கான சத்தம் அது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி என்கிறது. ஒன்றரை மணிநேர வகுப்பு இரண்டு போனால், இடையில் நிற்கும் நேரத்தைக் கழித்தாலும், கணக்குச் சரிதான்.

எடை பற்றி மட்டும் ஒரு கசப்பான உண்மை. 60 கிலோ ஆள் ஒரு மணிநேரம் நிறுத்தாமல் அடித்தால் 600 கலோரி அளவில் எரியும். ஆனால் வகுப்பில் யாரும் ஒரு மணிநேரம் நிறுத்தாமல் அடிப்பதில்லை. பாதி நேரம் வரிசையில் நிற்பது, பேட் பிடிப்பது, பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பது. முடிந்து வரும் வழியில் கொத்து ரொட்டி போடும் கல்லின் சத்தம் கேட்கும், பசி கிளம்பும். எரித்ததை விடக் கூடவே உள்ளே போகும். நான் முதல் வருடம் ஒரு கிலோகூட இறங்கவில்லை, காரணம் அந்தக் கொத்துத்தான். வீட்டிலிருந்து அவித்த கடலையோ கௌபியோ கொண்டுபோய் வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டால் கடையைக் கடந்துவிடலாம்.

எங்கள் வெயிலுக்கும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் ஐந்து மணிக்கும் அவியும். முன்பே தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். தலை சுற்றினால், வியர்வை நின்று உடம்பு சுட்டால் உடனே நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியைக் கரைத்துத் தினமும் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். பிரஷர் எல்லையில் நிற்கும் உங்களுக்கு அந்த உப்பு வேண்டாம், தண்ணீர் போதும்.

சாமான்கள் என்று முதல் மாதம் அதிகம் வாங்க வேண்டாம். கையில் சுற்றும் நாலரை மீட்டர் துணி ஒரு சோடி, பல்லுக்கு ஒரு கார்ட். வகுப்பில் பொதுவாகக் கிடக்கும் கிளவ்ஸின் மணம் ஒரு கிழமையில் பழகிவிடும், இரண்டாம் மாதமும் நீங்கள் வந்துகொண்டிருந்தால் சொந்தமாக வாங்குங்கள். பேக்குக்கு 12 அவுன்ஸ் போதும். மருமகள், அதுதான் தங்கச்சியின் மகள், இதையும் எழுதச் சொன்னாள்: கிளவ்ஸுக்கு முன்பு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றை வாங்குங்களாம். எனக்குத் தெரியாத விஷயம், அவள் சொன்னபடி எழுதிவிட்டேன்.

தற்காப்பு பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "தைரியம்" என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் பழகியதை பஸ்ஸில் சேட்டை விடுபவனிடம் காட்டப்போவதாக நினைத்துச் சேர வேண்டாம். நெரிசலில் காலைத் தூக்கவே இடமில்லை. இது தருவது வேறு. ஒருவர் எவ்வளவு கிட்ட வந்தால் எனக்குச் சரியில்லை என்பதை உடம்பு உணரும், கை தானாக மேலே வரும், குரல் நடுங்காமல் "தள்ளி நில்லுங்க" என்று வரும். பஸ்ஸில் அந்தக் குரல்தான் உதவும். தொல்லை தொடர்ந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது, அதையும் ஃபோனில் போட்டு வையுங்கள்.

தூரத்தையும் பாருங்கள். உங்கள் கூட்டாளி சொல்லும் வகுப்பு மட்டக்களப்பு நகரத்தில் என்றால் வேலை முடிந்து அவ்வளவு தூரம் போய், இருட்டிய பிறகு பஸ் பிடித்துத் திரும்புவதை எத்தனை கிழமை செய்வீர்கள்? கல்முனைப் பக்கம் உங்களுக்குக் கிட்ட. அங்கே நோன்பு மாதத்தில் வகுப்பு நேரம் மாறும், அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சுமாரான வகுப்புக்குக் கிழமைக்கு இரண்டு நாள் போவது, அருமையான வகுப்புக்கு மாதத்தில் இரண்டு நாள் போவதை விட நல்லது. தலைக்கு அடிக்கும் விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை இல்லை.

போட்டி? இப்போதைக்கு வேண்டாம். பிந்திவிட்டது என்பதற்காகச் சொல்லவில்லை, அமெச்சூர் போட்டிகளில் 40 வயது வரை பெரியவர் பிரிவில் இறங்கலாம். ஒரு வருடம் பழகிய பிறகும் ஆசை இருந்தால் பொயின்ற் ஃபைட்டிங் பக்கம் பாருங்கள்.

கடைசியாக அம்மா. அடிபிடி என்கிறார், சரி. அவருடைய அப்பா காலத்தில் எங்கள் ஊர்களில் சீனடியும் சிலம்பமும் பழகாத குறிச்சி குறைவு, அதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் வாதாடி வெல்வதை விட அவரையும் கூட்டிக்கொண்டு போவது சுலபம். மருமகள் சேர்ந்தபோது என் தங்கச்சியும் இதே கதைதான் கதைத்தாள். முதல் நாள் பிளாஸ்டிக் கதிரையில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள் மாஸ்டரிடம் போய் மெத்தை ஏன் இவ்வளவு ஊத்தையாகக் கிடக்கிறது என்று கேட்டாள். மூன்றாம் கிழமை, நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம், பக்கத்திலிருந்து ஒரு சத்தம்: "புள்ள, குதிக்கால் திரும்பயில்ல!"